மாத்திரை எதற்கு என்று கேட்ட தம்பிக்கு



நம் பழைய மாணவர் ஒருவர், ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. மனைவி தந்த சிறுநீரகத்தோடு வாழ்கிறார். "நாலு வருசமா நல்லாத்தானே இருக்கேன் சார், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று போனில் கேட்டார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் வரும்.

1954 டிசம்பர் 23. பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதால் உடம்பு அதை அந்நியமாக நினைக்கவில்லை. ரிச்சர்டு தன்னைக் கவனித்த நர்ஸையே மணந்து, பிள்ளை பெற்று, எட்டு வருடம் வாழ்ந்தார்.

இரட்டையர் இல்லாதவர் என்ன செய்வது? 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான மாற்று அறுவை நடந்தது. அந்தக் காலத்தில் கையிலிருந்தவை அசதயோபிரினும் ஸ்டீராய்டும்தான். உயிர் தங்கும், ஆனால் முகம் ஊதும், எலும்பு கெடும். அதையும் மீறி உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடுவது சாதாரணமாக நடந்தது. நிலைமையை மாற்றியது 1983-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைக்ளோஸ்போரின். அது நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. இன்று பலரும் சாப்பிடும் டாக்ரோலிமஸும் ஜப்பான் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரின் கொடைதான். (மலைக்காரர்களுக்கு மண்ணின் அருமை நான் சொல்லியா தெரிய வேண்டும்!)

தம்பி, இந்த மருந்து உடம்பின் காவல்காரனைப் பாதித் தூக்கத்தில் வைக்கிறது. நீ நல்லா இருப்பதே அவன் தூங்குவதால்தான். மாத்திரையை விட்டால் விழித்துக்கொள்வான். பெரும்பாலும் வலிகூட இருக்காது, இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருப்பது பரிசோதனையில்தான் தெரியும். போனதற்கு மாற்று எளிதில் கிடைக்காது. 2023 செப்டம்பரில், உறுப்புதானம் செய்வோருக்கு அரசு மரியாதை என்று முதல்வர் அறிவித்த சில நாளிலேயே நம் சின்னமனூர்க்காரர் ஒருவருக்கு அந்த மரியாதை நடந்தது. அப்படிப்பட்ட குடும்பங்கள் முன்வந்தும் காத்திருப்போர் வரிசை நீளமாகவே இருக்கிறது.

காலை ஏழு என்றால் மாலையும் ஏழு. மருந்தின் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில் மட்டும், எடுத்த பிறகு காலை மாத்திரை. பம்பளிமாஸ் வேண்டாம், அது இரத்தத்தில் மருந்தை ஏற்றிவிடும். மருந்தடிக்கும் அன்று தோட்டத்துக்குள் போகாதே. போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்தால் ஜீப் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இரண்டு நாள் மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.