உருகாமல் தப்பிய ரூபாய்

எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துப் பழைய வீடுகளில் பீரோவைத் துழாவினால், மஞ்சள் துணியில் முடிந்து வைத்த வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு அகப்படும். தலைப்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். பின்பக்கம் 1918 என்று இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கல்கத்தாவும் பம்பாயும் சேர்ந்து அந்த ஒரே ஆண்டில் 40 கோடிக்கு மேல் அடித்துத் தள்ளிய காசு அது. வீட்டுக்காரர்கள் மட்டும் அதை லட்ச ரூபாய்ப் பொருள் என்று நம்புவார்கள்.

அதன் பூர்வீகம் லட்சத்தைவிடச் சுவாரசியமானது. முதல் உலகப் போரில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து சணல், தோல், தானியம் என்று வாங்கிக் குவித்தது. விற்றவர்கள் வெள்ளி கேட்டார்கள். ரூபாய்க்குத் தட்டுப்பாடு முற்றி, 1917 நவம்பர் 30 அன்று முதன்முறையாக ஒரு ரூபாய்க்கே காகித நோட்டு வந்தது. சனங்கள் அதை நம்பவில்லை. நோட்டை நீட்டி வெள்ளியாகக் கொடு என்றார்கள். கஜானாவில் வெள்ளி கரைந்துகொண்டே போனது.

கைகொடுத்தது அமெரிக்கா. 1918 ஏப்ரல் 23 அன்று அங்கே நிறைவேறிய பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளி இந்தியாவுக்காகவே பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரில் 24 கிராம் வெள்ளி. நம் ரூபாயில் சுமார் 10.7 கிராம். ஒரு டாலர் உருகினால் இரண்டு ரூபாய் அடித்து மிச்சமும் பிடிக்கலாம். எந்தெந்த ஆண்டு டாலர்கள் எத்தனை உருகின என்று யாரும் கணக்கு வைக்காததால், எது அரியது என்று அந்த ஊர்ச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் நிறைவேறிய நான்காம் நாள், ஏப்ரல் 27 அன்று, பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். திரு.வி.க.வும் வாடியாவும் முன்நின்றார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் வடசென்னையில் ஆலைக்கூலியாகவும், எண்ணூர் உப்பளத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய்ப் படகில் உப்பேற்றியவர்களின் கூலியாகவும் கைமாறிய ரூபாயில் அமெரிக்க வெள்ளி கலந்திருக்க நிறையவே வாய்ப்புண்டு.

அந்த ரூபாய் சென்னையில் அடித்ததல்ல. தங்கசாலைத் தெருவில் இருந்த நாணயச்சாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள். பின்பக்கத்தில் கொடி வளையத்துக்கு அடியில் தாமரை இருக்கிறதே, அதற்குக் கீழே பொடிப் புள்ளி ஒன்று தெரிந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. கண்ணாடி லென்ஸை முன்பக்கம் திருப்பி அரசரின் மேலங்கியைப் பாருங்கள். சின்ன யானை ஒன்று இருக்கும். 1911-இல் முதலில் வந்த ரூபாயில் அந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய ரகளையாகி, அடித்த 94 லட்சத்தில் சுமார் 7 லட்சம் போக மற்றதை வெளியே விடாமல் உருக்கிவிட்டார்கள். தும்பிக்கையை நீட்டி 1912-இல் சரிசெய்தார்கள். 1911-ஆம் ஆண்டுக் காசுக்குக் கூடுதல் விலை கிடைப்பது அதனால்தான்.

எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எடை துல்லியமாக இருந்ததால் கடையில் இதையே எடைக்கல்லாகப் போட்டார்கள். நாட்டு மருந்துக்காரர்கள் 'ரூபாய் எடை' என்று சொன்னது இந்தக் காசைத்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடி வெள்ளிப் பஞ்சம். 1940-இல் புது ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். பழைய முழு வெள்ளிக் காசுகளைப் படிப்படியாகச் செல்லாதவை ஆக்கித் திரும்பப் பெற்றார்கள். 1939 என்று தேதியிட்ட முழு வெள்ளி ரூபாயில் தப்பியவை சொற்பம். இன்றைக்கு ஜார்ஜ் ரூபாய்களில் பெரிய விலை அதற்குத்தான். அமெரிக்காவிடம் மீண்டும் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளி கடன் வாங்கினார்கள். அந்தக் கடனை அடைக்க, பின்னாளில் திரும்பி வந்த வெள்ளி நாணயங்களை உருக்கிச் சுத்தம் செய்து அங்கே அனுப்பினார்கள். 1947-இல் வந்த ரூபாய் முழு நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஓடி ஒட்டிக்கொள்ளும். அதையும் வெள்ளி என்று சேட்டுக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் 1918 ரூபாய் இந்த உலைகளுக்கெல்லாம் தப்பியது, யாரோ ஒரு பாட்டி கஜானாவில் கட்டாமல் முடிந்து வைத்ததால். அதற்குப் பிறகு வந்த ஆபத்து வீட்டுக்குள்ளேயே. கொலுசுக்கும் அரைஞாணுக்கும் பத்தரிடம் உருகியவை எத்தனையோ. உருக்காமல் விட்டாலும், பிள்ளை கழுத்தில் கட்ட வளையம் பற்றவைத்தார்கள். வளையத்தை எடுத்தாலும் விளிம்பில் தழும்பு நிற்கும். "கொக்கி வச்ச காசுக்கா இது, எடைக்குத்தான் எடுப்பாங்க" என்று கடைப்பையன் சொன்னால் அவன் ஏமாற்றவில்லை.

இன்னொரு ஆபத்து விபூதி. எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் அழுகிய முட்டை வாடை வருமே, அந்தக் கந்தகம் காற்றில் இருந்தாலே வெள்ளி கறுக்கும். கறுத்ததும் புளி, பல்பொடி, விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பது நம் வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. காசின் மேல் அச்சு விழுந்தபோது வந்த இயற்கையான மினுமினுப்பு அந்தத் தேய்ப்பில் போய்விடும். அரசரின் கிரீடமும் யானையும் மழுங்கும். சேகரிப்பவர் அந்த மினுக்குக்குத்தான் பணம் கொடுக்கிறார். கறுப்பைப் பொறுத்துக்கொள்வார், கீறலைப் பொறுக்க மாட்டார்.

ஆக, தேய்ந்த ஒரு 1918 ரூபாய் அநேகமாக வெள்ளி விலைக்குத்தான் போகும். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்றால் உள்ளே இருப்பது 1,069 ரூபாய். உருக்குகிறவர் சேதாரம் கழித்துக்கொண்டு கொடுப்பார். புழங்காத புதுக்கருக்கோடு இருந்தால் மேலே பேசலாம். வயது மட்டும் விலை தராது. நூறு வருஷம் தாண்டிய பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதால், சிங்கப்பூர் மச்சான் மூலம் விற்கிற யோசனையும் வேண்டாம்.

பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது. காசை விளிம்பில் பிடித்து எடுங்கள், துலக்காதீர்கள், வருஷத்தையும் புள்ளியையும் பாருங்கள். விற்பதானால் இரண்டு மூன்று கடையில் விசாரித்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள்.