செக்ரோலும் சில எழுத்துப்பிழைகளும்

ஈப்போவில் சில ஆண்டுகள் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஒருநாள் தாள் திருத்தும்போது ஒரு கட்டுரையில் நின்றுவிட்டேன். தோட்டம் விற்கப்பட்டபோது அப்பாவுக்குக் கிடைத்த இழப்பீட்டுக் காசோலையைப் பற்றி ஒரு மாணவர் எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. ஆனால் காசோலைக்கான ஆங்கிலச் சொல்லை சி-இ-கே என்று மூன்றே எழுத்தில் முடித்திருந்தார். டாக்சியை டி-இ-கே-எஸ்-ஐ என்று எழுதியிருந்தார்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எஸ்டேட்டுப் புள்ளைங்க, இதுக்குமேல வராது," என்றார்.

எனக்கு உறுத்தியது அதுதான். அந்த இரண்டு சொற்களையும் மலாயில் அப்படித்தான் எழுத வேண்டும். மாணவர் தோன்றியதைக் கிறுக்கவில்லை. ஒரு மொழியில் சரியாகக் கற்றதை இன்னொரு மொழிக்குள் கொண்டுவந்திருக்கிறார். அப்படியானால் அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது?

தோட்டத்து மக்களுக்கு ஆங்கிலம் முதலில் காது வழியாகத்தான் வந்தது. விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. லயம், செக்ரோல், கிராணி, தொரை என்று வாழ்ந்தவர்கள் அந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் பார்க்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். படிப்பு தமிழில், அதுவும் ஆரம்ப வகுப்புகளோடு சரி. ஈப்போவில் ஆங்கிலோ சீனப் பள்ளி 1895லும், ஆண்டர்சன் பள்ளி 1909லும், செயின்ட் மைக்கேல் 1912லும் வந்துவிட்டன. ஆனால் பால்மரக் காட்டிலிருந்து அந்த வாசல்கள் வெகுதூரம்.

இதே பேராக்கில் இன்னொரு கதையும் நடந்தது. தஞ்சோங் மாலிமில் 1922இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய அறிஞர் ஸாபா, மலாயை ரூமி எழுத்தில் எழுத விதிகள் வகுத்தார். பிறகு 1972 ஆகஸ்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொது எழுத்துமுறைக்கு வந்தன. அதுவரை 'ச்ச' ஒலிக்கு சி-எச் என்று எழுதிய மலேசியா, வெறும் சி-க்கு மாறியது. பழைய விதிப்படி காசோலை சி-எச்-இ-கே ஆகியிருக்கும். எங்கள் மாணவர் 1960களில் மலாய் கற்றிருந்தால் அவருடைய பிழை வேறு மாதிரி இருந்திருக்கும். பிழைக்கும் தேதி உண்டு.

1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, மலாய் போதாதவர்களுக்குப் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு, பிறகு படிவம் முழுக்க மலாய். ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். மலாயில் சொல்லுகிறபடியே எழுதலாம். அதில் பழகிய கை, ஆங்கிலத்திலும் காதை நம்புகிறது.

தமிழுக்கும் பங்குண்டு. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தையும் பதினாறாம் எழுத்தையும் நான் இங்கே எழுதினால் இரண்டும் 'பி'தான். 'பட்டம்', 'கம்பம்' இரண்டிலும் ஒலி வேறு, எழுத்து ஒன்று. ஒலியை இடம் பார்த்து அறிவது நம் பழக்கம்.

ஆங்கிலமும் லேசுப்பட்டதல்ல. 1476இல் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தபின் எழுத்துகள் மெல்ல உறைந்தன, உச்சரிப்போ மாறிக்கொண்டே போனது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் நடுவே ஒலிக்காத ஓர் எழுத்து நிற்கிறது. லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலப் படிப்பாளிகள் செருகியது. அதை விட்டுவிட்டு எழுதினால் மாணவருக்கு மதிப்பெண் போகும்.

மாணவரின் பிழை அவர் எப்படிக் கற்கிறார் என்பதற்கான சான்று என்று பிட் கார்டர் 1967இல் எழுதினார். கற்பவரிடம் இரு மொழிகளுக்கும் இடையே தனக்கென விதிகள் கொண்ட ஓர் இடைமொழி இருக்கிறது என்றார் லாரி செலிங்கர். அந்தக் கட்டுரை வந்ததும் 1972தான்.

இதனால் பிழையைத் திருத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை விண்ணப்பத்தைப் படிப்பவர் வரலாறு பார்க்கமாட்டார். ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிழையைத் திருத்துவது சுலபம். 'வராது' என்று சொல்லப்பட்ட பிள்ளை அதைத் திருத்தவே முயலாது.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மலாய் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்போ சார், எங்க பாட்டி செக்ரோல்னு சொல்வாங்களே, அதுவும் இந்தச் செக்குதானா?"

ஆமாம். சரிபார்ப்பதைக் குறித்த சொல்லிலிருந்துதான் காசோலையும் பிரிந்தது. பிரிட்டிஷ்காரர் அதை ஒருவிதமாக எழுதுகிறார், அமெரிக்கர் செக்ரோலின் செக்கைப் போலவே எழுதுகிறார். அதைச் சொன்னதும் சிரித்தார்.

"அவங்களுக்கே ரெண்டு இருக்கா சார்?"

அடுத்த கட்டுரையில் அந்தச் சொல்லைச் சரியாக எழுதியிருந்தார். டாக்சி மட்டும் இன்னும் மலாயில்தான் ஓடிக்கொண்டிருந்தது.