திங்கட் பெயரும் ஜொகூர் நிலவும்

சித்திரை, கார்த்திகை என்பன முதலில் விண்மீன் பெயர்கள். பின்னரே திங்கட் பெயர்களாயின. நிலவு எந்த விண்மீனை அடுத்து நிறைகின்றதோ, அதன் பெயரால் அத்திங்களை வழங்கினர். விசாகத்தால் வைகாசி, மகத்தால் மாசி. ஆடி, ஆவணி, ஐப்பசி போன்றவை உருத்திரிந்து நிற்பதால் அவற்றின் விண்மீன் எளிதிற் புலப்படுவதில்லை.

நிறைமதி ஞாயிற்றுக்கு எதிர்ப்புறம் நிற்பது. ஆதலின் ஞாயிறு தென்கோடியில் செல்லும் மார்கழியில் நிலவு வடகோடியில் செல்லும். ஆனியில் தென்கோடியில் செல்லும். இஃது உலகிற்கெல்லாம் பொது. உச்சி மட்டுமே ஊருக்கு ஊர் வேறு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் உள்ள சென்னையில், மாசி மகத்து நிலவு நள்ளிரவில் ஏறக்குறையத் தலைக்கு மேல் வரும். மார்கழி நிலவு உச்சிக்கு வடக்கே 10 பாகையும், ஆனி நிலவு தெற்கே 36 பாகையும் விலகும். ஜொகூர் பாருவோ ஒன்றரைப் பாகையில் உள்ளது. ஆங்கே உச்சியை நெருங்குவது பங்குனி உத்தரத்து நிலவு. மீண்டும் புரட்டாசி நிலவு. வடக்கே 22, தெற்கே 25 என இருபுறமும் ஏறத்தாழ ஒத்த ஊசலாட்டம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் தைப்பூசத்தையும் உடன் கொணர்ந்தனர். நாளும் விண்மீனும் மாறவில்லை. நிலவு நின்ற இடம் மாறிற்று.

இவ்வளவுகள் ஆண்டுதோறும் சற்றே கூடும், குறையும். நிலவின் வழி ஞாயிற்றின் வழிக்கு 5 பாகை சாய்ந்தது, அச்சாய்வு 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று வரும். 2024 டிசம்பர் 15 இரவில் நிலவு ஜொகூரின் உச்சிக்கு வடக்கே ஏறத்தாழ 27 பாகை விலகிற்று.

நூற்றாண்டுகளால் வந்த மாற்றம் இதனினும் வியப்பானது. இந்தியாவில் 1952இல் அமைந்து, 1955இல் அறிக்கை தந்த மேகநாத சாகா குழு, சித்திரை விண்மீனையே பஞ்சாங்கக் கணக்கிற்கு அளவுகோலாகக் கொண்டது. இரவும் பகலும் ஒத்த மார்ச்சு நாளில் ஞாயிறு அவ்விண்மீனுக்கு நேரெதிரே நின்றது கி.பி. 285 அளவில். புவியச்சின் மெல்லிய சுழற்சியால் 72 ஆண்டுக்கு ஒரு பாகையாக விலகி, இன்று 24 பாகை ஆகிவிட்டது. அன்று ஜொகூரின் உச்சியை நெருங்கியது சித்திரை நிலவு. இன்று அவ்விடம் பங்குனிக்கு உரியது.

ஐயமுறும் மாணவர், பங்குனி நிறைமதி இரவில் திடலில் ஒரு கோலை நட்டு நிழலை அளக்கலாம். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கன்று. 1982இல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியதனால், ஆங்கு நிலவு உச்சி ஏறும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும்.