டல்ஹௌஸி சதுக்கத்துப் பேய்கள்

பழைமை வாய்ந்த நகரம் எதுவாயினும் அதன் நடுவிடத்தில் பேய்க்கதை ஒன்றேனும் வழங்காமல் இராது. முந்நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட நம் கல்கத்தாவுக்கு, 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று வழங்கும் இந்நகருக்கு, அத்தகைய கதைகளில் குறைவே இல்லை. அண்மை ஆண்டுகளில் இக்கதைகளைக் கேட்பதற்கென்றே மாலை வேளையில் கூட்டமாக நடந்து செல்லும் வழக்கமும் தோன்றியிருக்கிறது. கட்டணம் செலுத்தியோர் பத்துப் பதினைந்து பேர் கையில் விளக்குடன் ஒரு வழிகாட்டியின் பின்னே செல்வர். அவரும் குரலைத் தாழ்த்தி, இருண்ட தூண்களைச் சுட்டிக்காட்டிக் கதை சொல்லுவார். நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவும் சென்ற குளிர்காலத்தில் இவ்வாறு நடந்து வந்தன.

பேய் உண்டா, இல்லையா என்னும் வழக்கை ஈண்டு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அதனைக் குழந்தைகளுக்கும் அவர்தம் பாட்டிமார்க்கும் விட்டுவிடுவோம். இச்சதுக்கத்தில் யாருடைய பேய் உலவுவதாக மக்கள் சொல்கின்றனர், யாருடைய பேய் உலவுவதாகச் சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையில் யான் ஆராய விரும்புவது.

இதற்கு நம் தமிழ்நாட்டு வழக்கம் ஒன்று துணை செய்யும். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, பெயர் எழுதி, நீராட்டிப் படையலிடும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. வீரனுக்கு மட்டுமா இச்சிறப்பு? அரசனுடைய ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டதாகக் கதை சொல்லும் மதுரை வீரனும், கழுவேற்றப்பட்ட காத்தவராயனும் இன்று ஊர்க்காவல் தெய்வங்களாக நிற்கின்றனர். நியாயமற்ற சாவைச் செத்தவனை ஊரார் அலையவிட விரும்பவில்லை. கல்லும் பெயரும் ஆண்டுக்கொரு பொங்கலும் கொடுத்து நிலைநிறுத்திவிட்டனர். இந்த நினைவோடு டல்ஹௌஸி சதுக்கத்தைச் சுற்றி வந்தால், வழிகாட்டி சொல்லும் கதைகள் வேறொரு பொருள் தரத் தொடங்கும்.

சதுக்கத்தின் நடுவே இருப்பது லால் திகி என்னும் குளம். 1848 முதல் 1856 வரை தலைமை ஆளுநராக இருந்த டல்ஹௌஸி பிரபுவின் பெயரை வெள்ளையர் இவ்விடத்துக்கு இட்டனர். விடுதலைக்குப் பின் பினய், பாதல், தினேஷ் என்னும் மூவர் பெயரால் பி.பா.தி. பாக் என வழங்கலாயிற்று. 2024-ஆம் ஆண்டில் இதன் அடியிலேயே சுரங்க இரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. பகலில் எள் விழ இடமில்லாத இவ்விடம், அலுவலகங்கள் மூடி ஒரு மணி நேரம் சென்றதும் வெறிச்சோடிப் போகிறது. பேய்க்கதைக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறு ஏது?

உலா வடகிழக்கு மூலையில், 1818-இல் திறக்கப்பெற்ற ஸ்காட்லாந்தியரின் புனித ஆண்ட்ரூ கோயிலின் முன் தொடங்கிற்று. இக்கோயில் எழுவதற்கு முன் அவ்விடத்தில் பழைய நீதிமன்றம் இருந்தது. 1775-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மகாராஜா நந்தகுமாரை விசாரித்தது அங்கேதான். இவ்வழக்கைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும்; ஏனெனில் கல்கத்தாவின் பேய்க்கதைகளில் பாதி இதிலிருந்து முளைத்தவை என்பது என் எண்ணம்.

நந்தகுமார் வங்காளத்து அந்தணர். நவாபின் ஆட்சியிலும் கம்பெனியின் ஆட்சியிலும் உயர்பதவி வகித்தவர். அவரைக் குற்றமற்ற சான்றோர் என்று கூற இயலாது. அரசியற் சூழ்ச்சிகளில் தேர்ந்தவரே. 1775 மார்ச்சு மாதத்தில், தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் மூன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் கையூட்டுப் பெற்றார் என்று அவர் ஆட்சிக்குழுவின் முன் குற்றம் சாட்டினார். மே மாதத்தில் அவரே சிறையில் அடைக்கப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முந்திய பத்திரம் ஒன்றைப் பொய்யாகப் புனைந்தார் என்பது அவர்மீது வந்த வழக்கு. விசாரித்த தலைமை நீதிபதி இலைஜா இம்பே, ஹேஸ்டிங்ஸின் பள்ளித்தோழர். பொய்ப் பத்திரத்துக்குத் தூக்குத் தண்டனை என்பது இங்கிலாந்தின் சட்டம். இந்நாட்டு மக்கள் கேட்டறியாத சட்டம். ஆகஸ்டு 5-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். கூடியிருந்த மக்கள் ஓலமிட்டு ஓடி, அந்தணர் கொலையைக் கண்ட தீட்டு நீங்கக் கங்கையில் மூழ்கினர் என்று எழுதி வைத்துள்ளனர். ஹேஸ்டிங்ஸ்மீது அவர் சாட்டிய குற்றமோ, சாட்டியவர் மறைந்தபின் கல்கத்தாவில் ஒருநாளும் முறையாக விசாரிக்கப்படவில்லை.

இனி வேடிக்கையைப் பாருங்கள். நந்தகுமாரின் உருவம் இரவில் உலவுவதாகச் சிலர் சொல்லுவதுண்டு. ஆனால் நகரம் முழுவதும் அறிந்த பேய் ஹேஸ்டிங்ஸினுடையதே! அலிப்பூரில் அவர் வாழ்ந்த மாளிகைக்கு நள்ளிரவில் குதிரை வண்டியில் வந்து இறங்கி, அறை அறையாகப் புகுந்து எதையோ தேடுகிறாராம். இதற்கு ஓர் அடிப்படையும் உண்டு. 1785-இல் அவர் தாய்நாடு திரும்பியபோது கருமரப் பேழை ஒன்று காணாமற் போயிற்று. அதில் அவருடைய சொந்தக் கடிதங்கள் இருந்தன. அதனைக் கண்டு கொடுப்போர்க்குப் பரிசு தருவதாக 1787-இல் கல்கத்தா கெஜட்டில் விளம்பரமும் வெளிவந்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் அவர்மீது விசாரணை தொடங்கி, 1795 வரை நடந்து, விடுதலையில் முடிந்தது. ஆங்கே விடுதலை பெற்றவரை இந்நகரத்து மக்கள் விடவில்லை. தம்மைக் காத்துக்கொள்ள வேண்டிய தாள்களை இன்னும் தேடும்படி வைத்துவிட்டனர். தூக்கிலிடப்பட்டவரைக் காட்டிலும் தூக்கிலிடச் செய்தவராகக் கருதப்பட்டவரே அலைகிறார் என்பது, நீதிமன்றம் சொல்லாத தீர்ப்பை மக்கள் தாமே எழுதிக்கொண்டது போலத் தோன்றுகிறது.

அருகில் தூக்குச் சந்து ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் அதனை ‘ஃபான்சி லேன்’ என்று எழுதினர். ‘ஃபாஞ்சி’ என்னும் தூக்குக் கயிற்றுப் பெயரே அவ்வாறு திரிந்தது என்பர். ஆடம்பரப் பொருள் விற்ற தெரு என்று நினைத்து அதன் வழியே நடந்தவர் எத்தனை பேரோ!

வடக்கே நீண்டு சிவந்து நிற்பது ரைட்டர்ஸ் பில்டிங். 1777-ஆம் ஆண்டளவில் கம்பெனியின் இளம் எழுத்தர்களுக்காகத் தாமஸ் லயன் என்பவர் அமைத்த கட்டடம் இது. எழுத்தர் வேலையே நம்மவருள் பலரை இந்நகருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆதலின் இக்கட்டடத்தின்மீது நமக்கு ஒருவகை உறவு உண்டு என்று வழியிலே ஒரு பெரியவர் நகைத்தார். பின்னாளில் இது வங்காள அரசின் தலைமைச் செயலகமாயிற்று. 2013-இல் புதுப்பிக்கும் பொருட்டு அலுவலகங்கள் ஹௌராவுக்கு மாறியபின், இதன் நெடிய தாழ்வாரங்கள் பெரிதும் வெறுமையாயின.

1930-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், பினய் பாசு, பாதல் குப்தா, தினேஷ் குப்தா என்னும் மூவர் ஐரோப்பிய உடை தரித்து இதனுள் புகுந்து, சிறைத்துறைத் தலைவரான சிம்சனைச் சுட்டு வீழ்த்தினர். சிறைப்பட்ட விடுதலை வீரர்களைக் கொடுமை செய்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். தாழ்வாரத்தில் நடந்த போராட்டத்தின் முடிவில் பாதல் நஞ்சுண்டு அங்கேயே உயிர் நீத்தார், வயது 18. பினய் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு ஐந்து நாள் கழித்து மருத்துவமனையில் மறைந்தார், வயது 22. தினேஷ் பிழைத்து, 1931 ஜூலை 7-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார், வயது 19. இருட்டியபின் மேல்மாடியில் காலடி ஓசை கேட்கும் என்றும், அது சிம்சனுடையது என்றும் அலுவலர் பலர் சொல்லி வந்தனர். அம்மூன்று இளைஞர்களின் ஆவி உலவுவதாக யான் கேட்டதில்லை. அவர்களுக்குச் சிலை எடுத்தாயிற்று; சதுக்கமே அவர்கள் பெயரால் வழங்குகிறது. கல் பெற்ற வீரர்க்கு அலைச்சல் இல்லை போலும்!

மேற்கே வெண்குவிமாடத்துடன் நிற்பது 1868-இல் எழுந்த தலைமைத் தபால் நிலையம். இதன் படிகளில் பதித்த பித்தளைக் கோட்டைக் குனிந்து பார்த்தால், பழைய வில்லியம் கோட்டையின் கொத்தளம் எதுவரை இருந்தது என்பது விளங்கும். 1756 ஜூன் 20-ஆம் நாள் நவாப் சிராஜ் உத் தௌலா அக்கோட்டையைக் கைப்பற்றினார். அன்றிரவு கைதிகளைக் கோட்டையின் சிறு சிறையறையில் அடைக்க, வெப்பத்தாலும் நெருக்கத்தாலும் பலர் மாண்டனர். அடைக்கப்பட்டோர் 146 பேர், பிழைத்தோர் 23 பேர் என்று தப்பிய ஹால்வெல் எழுதினார். இங்கிலாந்தின் பள்ளிப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த ‘இருட்டறை’க் கதை இதுவே. அவ்வறை 18 அடி நீளமும் 15 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. உடன் வந்த மாணவன் ஒருவன் மனக்கணக்காகவே போட்டுச் சொன்னான்: ஆளுக்கு இரண்டு சதுர அடியும் வராது! பிற்கால ஆராய்ச்சியாளர் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 64 பேர் என்றும், பிழைத்தோர் 21 பேர் என்றும் மதிப்பிட்டுள்ளனர்.

எண்ணைப் பெருக்கியதன் பயன் யாது? சென்னையிலிருந்து கிளைவின் தலைமையில் படை வந்தது. 1757 ஜனவரியில் நகர் மீட்கப்பட்டது. ஜூன் மாதத்தில் பிளாசிப் போர் முடிந்தது. அப்பெருங் கவர்தலுக்கு இக்கதை நெடுங்காலம் நியாயம் கற்பித்து வந்தது. ஹால்வெல் இறந்தோர்க்கு ஒரு தூண் எழுப்பினார். 1821-இல் அது இடிக்கப்பட்டது. கர்சன் பிரபு 1902-இல் பளிங்கினால் மீண்டும் நாட்டினார். நம் நாட்டின்மீது சுமத்திய பழியாக அது நிற்றல் கூடாது என்று 1940-இல் சுபாஷ் சந்திர போஸ் கிளர்ச்சி தொடங்கினார். ஜூலை 2-ஆம் நாள் சிறை செய்யப்பட்டார். எனினும் அவ்வாண்டே தூண் அங்கிருந்து அகற்றப்பட்டது. அகற்றியது தக்கதே. ஆயினும் மாண்டவர் நாற்பத்து மூவரே என்று கொண்டாலும், ஜூன் மாதத்து வங்காள இரவில் தண்ணீர் தண்ணீர் என்று கதறி மடிந்த மனிதர் அவர்கள் என்பதை நாம் மறத்தல் தகாது.

அத்தூண் இப்போது நிற்பது, தெற்கே சிறிது தொலைவிலுள்ள புனித யோவான் கோயில் தோட்டத்தில். பொழுது சாயுமுன்னரே சென்றால்தான் அதனைக் காண இயலும். 1787-இல் நிறைவெய்திய இக்கோயிலின் தோட்டத்திலேயே, நகரின் முதல்வர் என்று வெள்ளையர் போற்றிய ஜாப் சார்னாக்கின் கல்லறையும் உண்டு. அவர் நகரை நிறுவியவர் அல்லர் என்று 2003-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தம் இந்திய மனைவியின் சமாதியில் ஆண்டுதோறும் அவர் சேவல் பலியிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. நம் ஊர்க்காவல் தெய்வங்களின் நினைவு எழுகின்றதன்றோ?

அவர் கல்லறைமேல் கிடக்கும் கருங்கல், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். 1893-இல் நிலப்பொருள் ஆய்வாளர் ஹாலண்டு அதனை ஆராய்ந்து, அவ்வகைப் பாறைக்கே ‘சார்னாக்கைட்’ என்று பெயரிட்டார். நம் மலைக்கல் அயலான் பெயரைத் தாங்கி உலகெங்கும் வழங்குகிறது. வெட்டி அனுப்பிய கல்தச்சன் பெயர் எங்கும் இல்லை. அருகே துயில்கின்ற பேகம் ஜான்சன் அம்மையாரும் நம் கரையோடு தொடர்புடையவரே. கடலூரின் புனித டேவிட் கோட்டை ஆளுநருடைய மகளாகிய அவர், நால்வரை மணந்து, 87 வயது வாழ்ந்து, 1812-இல் மறைந்தார். இவ்வளவு நிறைவாக வாழ்ந்தவரைப் பற்றிப் பேய்க்கதை எழாததில் வியப்பில்லை.

வழிகாட்டி இங்கே கதையை முடித்துக்கொண்டார். அவர் சொல்லாது விட்டதை யான் எண்ணிக்கொண்டே வந்தேன். 1770-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்காள மக்களுள் மூன்றில் ஒரு பங்கினரேனும் மடிந்தனர் என்று ஹேஸ்டிங்ஸே எழுதியிருக்கிறார்; ரைட்டர்ஸ் பில்டிங் எழுந்தது அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின். 1943-இல் கிராமத்து மக்கள் சோறு கேட்கவும் துணியாமல், வடிகஞ்சி கேட்டு இத்தெருக்களில் வந்து விழுந்தனர். அப்பஞ்சத்தில் இறந்தோர் 15 இலட்சம் என்றது அரசு அமைத்த குழு. 30 இலட்சம் வரை இருக்கலாம் என்பர் பிற்கால அறிஞர். அவர்களுள் ஒருவருக்கும் கல் இல்லை. ஒருவரும் பேயாகவும் வரவில்லை! பேயாவதற்குக்கூட ஒரு பெயரும், பெயரைச் சொல்லுவோரும் வேண்டும் போலும்.

ஆனால் வங்காளிப் பெண்டிர் அவர்களை முற்றும் மறந்துவிடவில்லை. காளி பூசைக்கு முதல் நாள் இரவு பூத சதுர்த்தசி. அன்று பதினான்கு வகைக் கீரை சமைத்து உண்பர். மாலையில் பதினான்கு தலைமுறை முன்னோர்க்கென்று பதினான்கு அகல் ஏற்றுவர். அதுவே நம் தீபாவளிக்குரிய நரக சதுர்த்தசித் திதியாகும். விடியுமுன் நம் குழந்தைகள் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பட்டாசு வெடித்து ஓய்கின்ற அத்திதியிலேயே, அடுத்த வீட்டு அம்மையார் மாடிப்படித் திருப்பத்திலும், தண்ணீர்த் தொட்டியருகிலும், விளக்கில்லாத மூலைகளிலும் ஒவ்வோர் அகலாக வைத்துக்கொண்டு வருகிறார். எங்கள் வாசலுக்கு நேரேயுள்ள இருண்ட மூலையிலும் ஒன்று வைப்பார். யாருக்காக என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். பெயர் தெரிந்தவர்களுக்குப் பூசையறையில் வைத்தாயிற்று, இது மற்றவர்களுக்கு என்றார்.