கேக்குக்குள் வந்த பனங்கட்டி

எங்கள் யாழ்ப்பாணத்துச் சமையலறைகளில் இனிப்புக்குப் பல பெயர்கள் இருந்தன. கப்பலில் வந்த வெள்ளை மணி சீனி. பொங்கல் பானைக்குப் போனது சர்க்கரை. கருப்பநீரைக் காய்ச்சி ஓலைக் குட்டானில் வார்த்தது பனங்கட்டி. தென்பகுதியிலிருந்து வந்தது கித்துள் கருப்பட்டி. எது எதற்கு உதவும் என்பது அம்மம்மாமாருக்குக் கைப்பழக்கம்.

கேக் பின்னால் வந்த விருந்தாளி. மனையியல் வகுப்பில் பட்டரையும் வெள்ளைச் சீனியையும் நுரைக்க அடித்தே அதைப் பழகினோம். கருநிறம் வேண்டுமானால் சீனியைக் கருக்கி ஊற்றினோம்.

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. சீனி கூப்பனுக்கு அளந்து கொடுக்கும் பொருளானது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்த அந்த நாட்களில் அது கேக்குக்குள்ளும் நுழைந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் இல்லை. மேலும் கீழும் தணல் போட்டுக் கேக் வேகவைத்த வீடுகளில் மறுபடி பனங்கட்டியே கைகொடுத்தது.

அந்தத் தட்டுப்பாடு ஒரு பாடமும் சொல்லித் தந்தது. சீனி மணிகள் பட்டருக்குள் காற்றை இழுத்து வைக்கும். சீவிய பனங்கட்டி அப்படிச் செய்யாது. ஆகவே அதைச் சிறிது நீரில் கரைத்து, வடித்து, ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். அந்த அளவுக்குப் பால் முதலியவற்றைக் குறைக்காவிட்டால் கேக்கின் நடுப்பகுதி களியாகிவிடும். கேக் சற்று இறுக்கமாக வரும். வாசம் வேறெதிலும் வராது.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் கடைத்தட்டின் முன் நிற்கிறோம். அங்கே பழுப்புச் சீனியென்று விற்பவை எல்லாம் ஒன்றல்ல. மென்மையான வகை பெரும்பாலும் வெள்ளைச் சீனியோடு கரும்புப்பாணி கலந்தது: இளநிறத்தில் ஏறத்தாழ 3.5 வீதம், கருநிறத்தில் 6.5 வீதம். மஸ்கவாடோவில் பாணி பிரிக்கப்படுவதில்லை. இன்றைய கயானாவிலுள்ள டெமராராவின் பெயர் தாங்கிய சீனிக்கு மணி பெரிது; பட்டரில் இலகுவில் கரையாது, மேலே தூவ நல்லது.

பேரீச்சம்பழக் கேக்குக்குக் கரிய மஸ்கவாடோ பனங்கட்டிக்குக் கிட்ட வரும். றவையும் கஜுவும் போட்ட லவ் கேக்குக்கு வெள்ளையோ இளநிறமோ போதும். வட்டிலப்பத்துக்குக் கித்துளே வேண்டும்.

எங்கள் பழைய குறிப்புக் கொப்பிகளில் “சீனி” என்று மட்டும் இருக்கிறது. மீதியை அம்மாவின் கை அறிந்திருந்தது. அந்தக் கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் தோழிகளே, எந்தச் சீனி, ஏன் அந்தச் சீனி என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பஞ்சகாலத்தில் நாங்கள் படித்தது அந்த ஒரு வரியில் தங்கும்.