ஜேட் நகை: ‘இயற்கைக் கல்’ என்ற சொல் போதாது

இந்தியாவில் ‘இந்திய ஜேட்’ என விற்கப்படும் பச்சைக் கல் பெரும்பாலும் அவெஞ்சுரின் எனும் குவார்ட்ஸ் வகையே. ஜேட் என்ற பெயர் ஜேடைட், நெஃப்ரைட் ஆகிய இரு கற்களுக்கே உரியது. நீரில் எடையிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்: ஜேடைட்டின் ஒப்படர்த்தி சுமார் 3.3, அவெஞ்சுரினுக்குச் சுமார் 2.65.

உயர்தர ஜேடைட்டுக்குப் பெயர்பெற்றது மியான்மரின் கச்சின் மாநிலம். மெருகேற்றி மெழுகு மட்டும் பூசப்பட்டது ‘ஏ’ வகை, அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றப்பட்டது ‘பி’, சாயமேற்றப்பட்டது ‘சி’. ‘பி’ வகையும் மண்ணில் விளைந்த கல்தான். ஆகவே, ‘இயற்கைக் கல்’ என்ற உறுதிமொழி அதற்கும் பொருந்திவிடுகிறது. வாங்கும்போது பளிச்சிடும் அக்கல், பிசின் பழுக்கப் பழுக்க மங்கும். தட்டி ஓசை கேட்பதால் இது உறுதிப்படாது. அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையே காட்டிக்கொடுக்கும். ஆய்வகச் சான்றில் ‘ஜேடைட், ஏ வகை’ என்றோ, பிசின் ஏற்றப்படவில்லை என்றோ தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.