ஏழு கோல் அரங்கமும் இரண்டு சிறு பெட்டிகளும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்கின் அளவைத் தெளிவாகவே சொல்கிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல். கோல் என்பது உத்தமர் கைப் பெருவிரல் 24 கொண்ட அளவு. ஒரு விரலை ஓர் அங்குலமென்று வைத்துக்கொண்டால் 14 அடிக்கு 16 அடி. இன்று நம் ஊர்ச் சிறு சபாக்களிலும் கல்லூரிக் கருத்தரங்க அறைகளிலும் நாம் காணும் மேடையும் ஏறத்தாழ இதே அளவுதான்.

அரங்கின் அளவு, மூவகை எழினி, தூணின் நிழல் விழாதபடி விளக்கு வைத்த முறை ஆகியவற்றைச் சொன்ன இளங்கோ, இசைக்கும் கலைஞர்களின் இலக்கணத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தண்ணுமை ஆசிரியனுக்கு அவர் வகுத்த இலக்கணத்தில் ஆக்கலும் அடக்கலும் வருகின்றன. பிற கருவிகளும் மிடறும் குறைகிற இடத்தில் நிரப்பவும், மிகுகிற இடத்தில் அடக்கவும் அவன் அறிந்திருக்க வேண்டும். எதுவும் அளவு கடக்கக் கூடாது. இன்றைய சொல்லில் கூறினால் அரங்கின் ஒலிக்கலவை அவன் பொறுப்பு. அதைச் செய்ய அவனிடமிருந்தவை இரண்டு கைகளும் இரண்டு காதுகளும் மட்டுமே.

இந்தப் பொறுப்பு இசைக்கலைஞனின் கையிலிருந்து மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் ‘மைக் செட்காரர்’ கைக்கு எப்படிப் போயிற்று என்பது இருபதாம் நூற்றாண்டின் கதை. நம் இசை வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத கதையும்கூட.

*

ஒலிபெருக்கி வருவதற்கு முன் பெருங்கூட்டத்தை எட்ட ஒரே வழி குரலை உயர்த்துவதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) காலத்து நாடக மேடையில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா (1906-1933) போன்றவர்களின் உச்ச சுருதிப் பாட்டு இந்தத் தேவையில் வளர்ந்தது. அன்று கட்டை உயர உயரப் பாடகனின் மதிப்பும் உயர்ந்தது. விடியவிடிய நடக்கும் தெருக்கூத்திலும் இதே நிலைதான். ஆடுபவருக்குப் பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வோர் அடியையும் வாங்கிப் பாடியதில், கூத்தனின் தொண்டைக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது.

இன்னொரு வழியும் இருந்தது. குரலை உயர்த்தாமல் கூட்டத்தைக் குறைப்பது. வீணை தனம்மாள் (1867-1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததை அக்கால ரசிகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வீணையின் நாதம் மென்மையானது. தனம்மாளின் மீட்டு இன்னும் மென்மையானது. கேட்க வந்தவர்கள் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. அந்த அறையில் ஒலியைப் பெருக்கியது கேட்பவர்களின் மௌனம்தான்.

*

1915 டிசம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் தாங்கள் உருவாக்கிய ஒலிபெருக்கியை மக்கள் திரளுக்குக் காட்டினார்கள். அதற்கு மேக்னவாக்ஸ் என்று பெயர். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள். 1919இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியேகோவில் சுமார் 50,000 பேருக்கு இந்தக் கருவியின் வழியே உரையாற்றினார். 1925இல் ரைஸ், கெலாக் என்ற இரு பொறியாளர்கள் காகிதக் கூம்பை அசைத்து நேரடியாக ஒலியெழுப்பும் ஸ்பீக்கரின் வடிவத்தை வெளியிட்டார்கள். இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் அதன் வழித்தோன்றல்களே.

1930களில் சென்னைக் கச்சேரி மேடைக்கு மைக் வந்தது. 1938 ஜூன் 16 அன்று சென்னை வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. மைக்கின் முன் பாடுவது எப்படி என்பதைக் கலைஞர்கள் இரண்டு இடங்களிலும் ஒரே காலத்தில் கற்றுக்கொண்டார்கள். விளைவுகள் ஆழமானவை. ஆண் பாடகர்களின் சுருதி மெல்ல இறங்கியது. கீழ் ஸ்தாயியில் நின்று நிதானமாகப் பாட முடிந்தது. கடைசி வரிசையை எட்டாது என்று முன்பு கைவிடப்பட்ட நுண்ணிய கமகங்கள் இப்போது எட்டின. தொண்டை வலுவில்லாதவர் என்று ஒதுக்கப்பட்டிருக்கக் கூடியவர்களுக்கும் மேடை கிடைத்தது. மைக் இசையைக் கெடுத்தது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவோர் இந்தக் கொடைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆனால் ஒலிபெருக்கி என்றால் நம் ஊர்களில் நெடுங்காலம் கூம்புதான். கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் பனைமரத்திலோ மூங்கில் கம்பத்திலோ கட்டப்பட்ட குழாய். கூம்பின் இயல்பு குறைந்த மின்திறனில் நெடுந்தூரம் எறிவது. அக்கால ஆம்ப்ளிஃபயர்களின் சிறிய திறனுக்கு அது பொருந்தியது. பேச்சின் மெய்யெழுத்துகளைத் தெளிவாகத் தந்தது. ஆனால் கீழ் ஒலிகள் அதில் நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்று கேட்கும், தொப்பியின் கும்கி காணாமல் போகும். நாம் இரண்டு மூன்று தலைமுறைகளாக இசையைப் பாதி கேட்டுப் பழகினோம். அந்தக் கூர்மையான ஒலியே ‘நல்ல சவுண்ட்’ என்றும் நம்பினோம்.

எதிர்ப்பும் இருந்தது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912-1981) மேடையில் மைக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர். மைக் வைத்த கச்சேரிகளில் வாசிக்க ஒரு காலத்தில் அவர் மறுத்தது இசையுலகம் அறிந்த செய்தி. அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. விரல் நுனியால் அவர் வகுத்த வலிமை, மென்மை வேறுபாட்டை ஒரு திருகு சமன்படுத்திவிடும். ஆக்கலும் அடக்கலும் இன்னொருவர் கைக்குப் போய்விடும். அவருடைய எதிர்ப்பை அரங்கேற்று காதை சொல்லும் தண்ணுமையோனின் உரிமைக்குரலாகவே நான் வாசிக்கிறேன்.

*

கூம்புக்கு மாற்றாக வந்தது நெடும்பெட்டி. சிறு ஸ்பீக்கர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒலி மேலும் கீழும் சிதறாமல் பக்கவாட்டில் விரியும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில் அமைந்தது அது. கூரையிலும் தரையிலும் மோதி எதிரொலிப்பது குறைகிறது. 1950களின் தொடக்கத்தில் லண்டன் புனித பவுல் தேவாலயத்தின் எதிரொலிச் சிக்கலை இத்தகைய நெடும்பெட்டிகளைக் கொண்டே சமாளித்தார்கள். நம் சபாக்களின் சுவர்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பின்னர் அவை இடம்பிடித்தன.

அடுத்த மாற்றம் எடையில் நிகழ்ந்தது. 1980களில் வந்த நியோடிமியம் காந்தம் ஸ்பீக்கரின் பாரத்தைக் குறைத்தது. 1990களின் நடுவிலிருந்து, ஆம்ப்ளிஃபயரைத் தன்னுள்ளேயே கொண்ட பிளாஸ்டிக் உடல் பெட்டிகள் பரவலாயின. இருவர் தூக்கிய பெட்டியை ஒருவர் ஒரு கையில் தூக்கலாம் என்றாயிற்று. 2003இல் போஸ் நிறுவனத்தின் எல்1 வேறொரு துணிவைக் காட்டியது. ஒல்லியான தூண் போன்ற அந்த ஸ்பீக்கர் கலைஞரின் பின்னால் நிற்கும். பார்வையாளர் கேட்பதையே கலைஞரும் கேட்பார்.

இங்கே ஒரு கேள்வி எழும். மைக்குக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருந்தால் ஊளையிடாதா? ஸ்பீக்கரின் ஒலி மீண்டும் மைக்கில் புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகுவதே ஊளை. சாதாரணப் பெட்டியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் விழுகிறது. நெடுந்தூணில், அதன் அருகாமை எல்லைக்குள், 3 டெசிபலே விழுகிறது. ஆகவே கடைசி வரிசைக்காக முன்வரிசையையும் மைக்கையும் ஒலியால் அடிக்க வேண்டியதில்லை. ஊளை அறவே நீங்குவதில்லை, அதன் எல்லை தள்ளிப்போகிறது.

*

நூறு பேர் அமரும் அறை, பாட்டு, வயலின், மிருதங்கம், இரண்டு சிறு பெட்டிகள். இதற்கு வேண்டிய விதிகள் அதிகமில்லை. பெட்டிகளை மைக்குகளுக்கு முன்னால், அமர்ந்திருப்போரின் தலைக்குச் சற்று மேலே வைத்து, முகத்தைக் கடைசி வரிசைகளை நோக்கித் திருப்ப வேண்டும். ஒரு மைக் தனக்குரிய குரலிலிருந்து எவ்வளவு தூரமோ, அடுத்த மைக் அதிலிருந்து குறைந்தது மும்மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். குரலுக்குத் தேவையற்ற அடியொலிகளை மிக்சரில் வெட்டிவிடலாம். காலியான அறையில் சரிபார்த்த அளவு நிறைந்த அறையில் மாறும், மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது வரிசைமுறை. முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கலைஞர்களை வாசிக்கச் சொல்லி, கடைசி வரிசையில் போய் அமர்ந்து கேட்க வேண்டும். அந்த அளவு அறையில் மிருதங்கம் பெரும்பாலும் தானே வந்து சேர்ந்துவிடும். எட்டாதது பாடகரின் கீழ் ஸ்தாயி, வயலினின் மெல்லிய இழைப்பு, தம்புரா. இவற்றை மட்டும் சிறிது தூக்கிவிட்டால் போதும். நடைமுறையில் நடப்பது நேர்மாறு. முதலில் மிருதங்கத்துக்கு மைக். அது ஓங்குவதால் குரலை உயர்த்துகிறார்கள், குரல் ஓங்குவதால் வயலின் கலைஞர் ஆள்காட்டி விரலை மேல்நோக்கி அசைக்கிறார். பத்து நிமிடத்தில் தனம்மாளின் அறையளவு இடத்தில் திருவிழா மைதானத்தின் சத்தம். எந்தக் கருவியும் பழுதில்லை. கூம்பு கற்பித்த காது இன்னும் நம்மிடம் இருக்கிறது, அவ்வளவே.

சட்டம் இதில் ஓரளவுதான் தலையிட முடியும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. அது அறைக்கு வெளியே உள்ளவரைக் காக்கும். உள்ளே அமர்ந்திருப்பவரின் காதுக்கும், மேடையில் கத்திப் பாட நேர்கிறவரின் தொண்டைக்கும் காவல் மிக்சரின் முன் அமர்ந்திருப்பவர் மட்டுமே. இளங்கோ தண்ணுமையோனிடம் எதிர்பார்த்த தகுதியை நாம் இன்று அவரிடம் எதிர்பார்க்கிறோம். ஆனால் அழைப்பிதழில் அவர் பெயரை அச்சிடுவதில்லை. ஒத்திகைக்கு அவரை அழைப்பதில்லை. ராகம் தெரிந்தவரா என்று கேட்பதுமில்லை. கச்சேரி தொடங்க அரைமணி இருக்கும்போது வந்து, வயரை இழுத்து, ‘ஹலோ, ஒன், டூ, த்ரீ’ சொல்லி ஒதுங்கிவிட வேண்டியவராகவே அவரை வைத்திருக்கிறோம்.

சென்னையில் அவ்வப்போது மைக் இல்லாக் கச்சேரிகள் நடக்கின்றன. அவை நல்ல பயிற்சி, முதலில் கேட்பவர்களுக்கு. ஆனால் சாலையில் பேருந்தும் தலைக்கு மேல் மின்விசிறியும் ஓடும் அறைகளில் எல்லோராலும் எப்போதும் அப்படிப் பாட முடியாது. அங்கேதான் இரண்டு சிறு பெட்டிகளுக்கு நியாயமான இடம் இருக்கிறது. அவற்றின் திருகில் கை வைக்கும் முன், ஏழு கோல் அரங்கில் எவ்வளவு ஒலி தேவை என்று ஒரு கணம் காது கொடுத்துக் கேட்கிறவரை நாம் உருவாக்க வேண்டும். முதல் வேலையாக அடுத்த அழைப்பிதழில், பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயருக்குக் கீழே, அவர் பெயரையும் போடலாம்.